கோயில் முகப்பு, அதுக்கு மேல ஊசிக்கோபுரம்: ஒரு லண்டன் சர்ச் பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கம் பத்தி எழுதினப்போ ஓரமா செயின்ட் மார்ட்டின்-இன்-த-ஃபீல்ட்ஸ் சர்ச் படம் ஒண்ணு போட்டிருந்தோம். நெல்சன் தூணையும் சிங்கத்தையும் விட்டுட்டு பாதிப் பேர் அந்த சர்ச்சைப் பத்தியே கேட்டு எழுதியிருக்கீங்க. சரி, இந்த வாரம் முழுக்க அதுதான்.

கே: பி.ஆர்க் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். இந்த சர்ச் கட்டி முடிச்சப்போ நிறைய பேர் திட்டினாங்கன்னு எங்க சார் கிளாஸ்ல சொன்னார். படத்துல பாத்தா அழகாதானே இருக்கு, எதுக்குத் திட்டினாங்க? (ஒரு மாணவர், திருச்சி)

ப: உங்க சார் சொன்னது சரி தம்பி. அந்தப் படத்தைக் கீழேர்ந்து மேல பாருங்க. முதல்ல படிக்கட்டு, அப்புறம் வரிசையா ஆறு பெரிய கொரிந்தியன் தூண், ஒவ்வொரு தூண் தலையிலயும் இலை இலையா மடிஞ்சு விரியற மாதிரி செதுக்கியிருக்கும், அதுக்கு மேல எழுத்து வெட்டின ஒரு நீளக் கல் பட்டை, பட்டை மேல முக்கோணம். இது வரைக்கும் அச்சு அசல் ரோமன் கோயில்தான், ரோம்ல பாந்தியன் முன்னாடி போய் நின்னாலும் கிட்டத்தட்ட இதே முகப்புதான், அங்க தூண் எட்டு, இங்க ஆறு, அவ்வளவுதான் வித்தியாசம். இப்போ இன்னும் கொஞ்சம் மேல பாருங்க. முக்கோணத்துக்கு நேர் பின்னாடி கூரையைப் பொத்துக்கிட்டு ஒரு டவர் கிளம்புது, சதுரமா ஆரம்பிச்சு, மணி இருக்கிற அடுக்கு, கடிகார அடுக்கு, அப்புறம் எட்டுப்பட்டையா ஒரு அடுக்கு, கடைசில உள்பக்கமா வளைஞ்சு ஒடுங்கற ஊசி. சர்ச் தரையிலேர்ந்து 192 அடி. வம்பு இங்கதான் ஆரம்பிச்சுது.

ரோமன் கோயிலுக்கு ஊசிக்கோபுரம் கிடையாதுங்க. அது கோதிக்னு சொல்ற பழைய ஐரோப்பிய சர்ச் பாணியோட சமாச்சாரம், வேற ரத்தம். ஆனா இங்கிலாந்துல சர்ச்சுன்னா மணி அடிக்கணும், மணி தொங்க டவர் வேணும், தெருவுக்கு தெரு வீடு நெருங்கிக் கிடக்கிற ஊர்ல அது தூரத்துலேர்ந்தே தெரியணும், அதனால டவரை விடவும் முடியாது. 1666 தீ விபத்துக்கப்புறம் லண்டன் நகரத்துல வரிசையா சர்ச் கட்டின கிறிஸ்டோபர் ரென் இந்தச் சிக்கலைச் சுலபமா முடிச்சார், பெரும்பாலும் டவரைத் தரையிலேர்ந்தே தனியா எழுப்பி சர்ச்சோட ஒட்டி நிறுத்திடுவார். சர்ச் அது பாட்டுக்கு இருக்கும், டவர் அது பாட்டுக்கு நிக்கும். செயின்ட் மார்ட்டின் கட்டின ஜேம்ஸ் கிப்ஸ் அப்படிப் பண்ணல. டவரை மேற்குச் சுவரோட சேர்த்து உள்ளுக்குள்ள கொண்டுவந்துட்டார், பாரம் எல்லாம் உள்ளயே கீழ இறங்கிடுது, ஆனா வெளில நிக்கிறவனுக்கு டவரோட கால் கண்ணுல படாது, முன்னாடி இருக்கிற போர்டிகோ, அதான் அந்தத் தூணும் முக்கோணமுமான முன்மண்டபம், மறைச்சுடுது. அதனால பாக்கறவனுக்கு என்ன தோணும்? இவ்வளவு பெரிய கல் டவர் கூரை மேல ஏறி உக்காந்திருக்கே, எது தாங்குதுன்னு. திட்டினவங்க சொன்னது இதைத்தான்.

அதே சமயத்துல ஹனோவர் சதுக்கத்துல செயின்ட் ஜார்ஜ் சர்ச்சுக்கு ஜான் ஜேம்ஸும் போர்டிகோவுக்குப் பின்னாடிதான் டவர் வச்சார், அது 1724-லேயே முடிஞ்சுடுச்சு. ஆனா அவரோடது அடக்கமான டவர், கிப்ஸோடது மாதிரி வம்புக்கு இழுக்கற உயரம் இல்ல.

நம்ம ஊர்க்காரங்களுக்கு வாசலுக்கு மேல கோபுரம் நிக்கிறது பொறந்ததுலேர்ந்து பாத்த காட்சி, அதனால இது நமக்கு உறுத்தவே உறுத்தாது, "இதுல என்ன தப்பு"ன்னுதான் கேப்போம். ஆனா திட்டினவங்க பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்குன்னுதான் நான் சொல்லுவேன். சதுக்கத்தோட அந்தக் கோடியிலேர்ந்து பாத்தா ரெண்டும் தனித்தனியா தெரியுது, ஒண்ணு படுத்திருக்கு ஒண்ணு எழுந்து நிக்குது. ஆனா அந்தத் தைரியம்தான் ஜெயிச்சுது, இன்னிக்கு உலகத்துல பாதி பேருக்கு சர்ச்சுன்னா மனசுல வர்ற உருவமே முன்னாடி தூணும் முக்கோணமும் மேல ஊசியும்தானே, அதுக்குப் பிள்ளையார் சுழி போட்டது இந்தக் கட்டடம்தான்.

கே: இவ்வளவு பெரிய சர்ச்சுக்கு யார் பணம் கொடுத்தா? ராஜாவா? (ஒரு வாசகி, நாகர்கோவில்)

ப: முக்கோணத்துல ராஜா முதலாம் ஜார்ஜோட அரச சின்னத்தைப் பெருசா செதுக்கி வச்சிருக்கறதைப் பாத்தா அப்படித்தான் தோணும். ஆனா அதுக்குக் கீழ பட்டையில லத்தீன்ல வெட்டியிருக்கிறது வேற கதை. இந்தப் புனித ஆலயத்தைக் கட்டுவிச்சது பேரிஷ் மக்கள் (அந்த சர்ச் எல்லைக்குள்ள குடியிருக்கறவங்க), வருஷம் 1726, அப்படின்னு இருக்கு. மேல ராஜா முத்திரை, கீழ பில் கட்டினவங்க பேர்!

நடந்தது இதுதான். பழைய சர்ச் எட்டாம் ஹென்றி காலத்துல, 1542 வாக்குல திரும்பக் கட்டினது, 1710-ல பரிசோதிச்சப்போ சுவரும் கூரையும் உளுத்துப் போயிருக்குன்னு தெரிஞ்சுது. 1720-ல பார்லிமென்ட் சட்டம் போட்டு 22,000 பவுண்டு வரைக்கும் பேரிஷ்காரங்க மேல வரி போட்டு வசூலிச்சுக்கலாம்னு அனுமதி கொடுத்துச்சு. 1722 மார்ச்ல அடிக்கல், 1724 டிசம்பர்ல ஊசியோட உச்சிக்கல், 1726-ல பிரதிஷ்டை. கணக்கை முடிச்சுப் பாத்தா 33,661 பவுண்டு. பட்ஜெட்டைத் தாண்டாத கட்டடம் அந்தக் காலத்துலயும் கிடையாது போல!

கே: கட்டினவர் கத்தோலிக்கராமே? ஆங்கிலிகன் (இங்கிலாந்து அரசுத் திருச்சபை) சர்ச்சுக்கு எப்படி அவரைக் கூப்பிட்டாங்க? (ஒரு வாசகர், பாளையங்கோட்டை)

ப: நல்லா நூல் பிடிச்சு வந்திருக்கீங்க. ஜேம்ஸ் கிப்ஸ் 1682-ல ஸ்காட்லாந்து அபர்டீன்ல பொறந்தவர், கத்தோலிக்கக் குடும்பம். பாதிரியார் ஆகறதுக்குன்னு ரோமுக்குப் போனார், அங்க இருந்த ஸ்காட்ஸ் காலேஜ்ல சேர்ந்தார், ஒத்துவரலைன்னு வெளில வந்து கார்லோ ஃபொன்டானாங்கிற பெரிய ஆர்க்கிடெக்ட் கிட்ட தொழில் கத்துக்கிட்டார். அப்போ இங்கிலாந்துல இருந்த பல ஆர்க்கிடெக்ட் ரோமைப் புத்தகத்துல பாத்தவங்க, இவர் அங்கேயே இருந்து படிச்சவர்.

லண்டன் வந்ததும் 1713-ல புதுசா அம்பது சர்ச் கட்டறதுக்குன்னு போட்ட கமிஷன்ல சர்வேயர் வேலை கிடைச்சுது, ஸ்ட்ராண்ட் தெருவுல செயின்ட் மேரி சர்ச்சைக் கட்டினார், அது இன்னிக்கும் இருக்கு, செயின்ட் மார்ட்டின்லேர்ந்து நடந்து போற தூரம்தான். ஆனா அடுத்த வருஷமே ஆன் ராணி இறந்து முதலாம் ஜார்ஜ் வந்தார், ஆட்சி டோரி கட்சிகிட்டேர்ந்து அதுக்கு எதிரான விக் கட்சி பக்கம் சாஞ்சுது, 1715-ல பழைய ஸ்டூவர்ட் ராஜவம்சத்தைத் திரும்பக் கொண்டுவரணும்னு ஸ்காட்லாந்துல கலகம் வெடிச்சுது, அப்போ ஸ்காட்லாந்துக்காரர், டோரி நண்பர்கள், கத்தோலிக்கர்ங்கற சந்தேகம் வேற, மூணும் ஒருத்தர்கிட்டயே இருந்தா வேலை நிக்குமா? போச்சு. அப்புறம் தனியார் வேலையா எடுத்துப் பண்ணிக்கிட்டு மதத்தை வெளில காட்டிக்காம இருந்தவர், 1720-ல செயின்ட் மார்ட்டின் கமிஷனர்கள்கிட்ட இந்த வேலையை வாங்கினார். எந்த ராஜா வந்ததால வேலை போச்சோ அதே ராஜாவோட முத்திரையைத்தான் இவர் கட்டின முகப்புல வச்சாங்க.

கே: எக்மோர்ல இருக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க் அப்படியே இது மாதிரியே இருக்கே! யாரைப் பாத்து யார் காப்பி? (ஒரு வாசகர், புரசைவாக்கம்)

ப: இந்தக் கேள்வி மட்டும் கத்தையா வந்துடுச்சு, சென்னைக்காரங்க கண்ணுக்கு உடனே பட்டிருக்கு. லண்டன் முதல்ல, எக்மோர் கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சு. ஆனா வெறும் காப்பின்னு சொல்லிட்டுப் போயிட முடியாது, நடுவுல ஒரு சுவாரஸ்யம் இருக்கு.

கிப்ஸ் 1728-ல தன்னோட டிசைன் எல்லாத்தையும் படம் போட்டு ஒரு பெரிய புத்தகமா வெளியிட்டார். லண்டன்லேர்ந்து தூரமா, ஆர்க்கிடெக்ட் கிடைக்காத இடத்துல கட்டடம் கட்டறவங்களுக்குப் பயன்படட்டும்னுதான் போட்டார், பயன்பட்டுது, ரொம்பவே பயன்பட்டுது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நியூயார்க் செயின்ட் பால்ஸ் சாப்பல், சார்ல்ஸ்டன் செயின்ட் மைக்கேல்ஸ் எல்லாம் இந்த வம்சம். அமெரிக்காவுல ராட் ஐலேண்டு மாநிலத்துல பிராவிடன்ஸ்னு ஒரு ஊர், அங்க 1775-ல ஒரு பாப்டிஸ்ட் சர்ச் கட்டினாங்க, அதோட ஊசி செயின்ட் மார்ட்டினுக்குன்னு கிப்ஸ் வரைஞ்சு வேணாம்னு ஒதுக்கின ஒரு டிசைன், புத்தகத்துல மாற்று டிசைன்களையும் சேர்த்துப் போட்டிருந்தாரே, அதுலேர்ந்து எடுத்துக்கிட்டாங்க. இந்தியாவுல கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் 1787, அதுவும் செயின்ட் மார்ட்டினைப் பாத்துதான்.

மெட்ராஸுக்கு வருவோம். செயின்ட் மார்ட்டினுக்கு கிப்ஸ் முதல்ல போட்ட பிளான் நீளச் சதுரம் இல்ல, வட்டம். வட்டமான சர்ச், மேல டோம். கமிஷனர்களுக்குப் பிடிச்சுதான் இருந்தது, செலவு அதிகம்னு கைவிட்டுட்டாங்க. கிப்ஸுக்கு அந்த வருத்தம் தீரவே இல்லைன்னு நினைக்கிறேன், புத்தகத்துல அந்த வட்ட பிளானையும் போட்டு, கட்டினதை விட இதுதான் இடவசதியும் சௌகரியமும் அதிகம்னு எழுதியே வச்சுட்டார். 1818-ல மெட்ராஸ்ல இருந்த ஸ்காட்லாந்துக்காரங்களுக்கு சர்ச் கட்ட வந்த மேஜர் தாமஸ் டி ஹாவிலண்ட் என்ன கட்டினார்? முன்னாடி செயின்ட் மார்ட்டின் மாதிரி போர்டிகோ, அதுக்கு மேல ஊசிக்கோபுரம், உள்ள போனா வட்டம்! 16 கொரிந்தியன் தூண் வட்டமா நின்னு ஒரு டோமைத் தாங்குது, டோம் உள்பக்கம் நீல வானம், நட்சத்திரம். லண்டன்ல பணம் இல்லைன்னு காகிதத்தோட நின்ன யோசனை எக்மோர்ல செங்கல்லா எழுந்துடுச்சு.

ஆனா எக்மோர் மண்ணு லண்டன் மண்ணு இல்லையே. அந்த இடம் சதுப்பு, மழை பெஞ்சா தண்ணி நிக்கும், 160 அடிக்கு மேல போற டவரை அப்படியே வச்சா உள்ள இறங்கிடும். டி ஹாவிலண்ட் நம்ம ஊர் வழியையே பிடிச்சார், கிணறு இறக்கறது. சுட்ட மண்ல செஞ்ச வட்ட உறைகளை வரிசையா பூமிக்குள்ள இறக்கி, உள்ள நிரப்பி, அது மேல அஸ்திவாரம். ஆழம் சில இடத்துல 14 அடி, சில இடத்துல 50 அடி. தூணெல்லாம் லண்டன் மாதிரி போர்ட்லண்ட்ங்கிற வெளிர் நிறக் கட்டடக் கல் கிடையாது, செங்கல் மேல மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு, தேய்ச்சுத் தேய்ச்சு மார்பிள் மாதிரி பளபளன்னு கொண்டு வந்திருக்காங்க. 1821 பிப்ரவரியில திறந்தாங்க. எனக்கு லண்டன் ஒரிஜினலை விட எக்மோர் உள்பக்கம்தான் ஒரு படி மேலன்னு தோணும், லண்டன்காரங்க கோவிச்சுக்கட்டும்.

ஒண்ணு மட்டும் குழப்பிக்காதீங்க, கர்க் ஸ்காட்லாந்துத் திருச்சபைக்காரங்க கட்டினது, ஆங்கிலிகன் இல்ல. மெட்ராஸ்ல இதே மாதிரி தூண் வச்ச ஆங்கிலிகன் சர்ச் வேணும்னா கதீட்ரல் ரோட்டுல இருக்கிற செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலுக்குப் போங்க, அது கர்னல் ஜேம்ஸ் கால்டுவெல் வரைஞ்சு இதே டி ஹாவிலண்ட் நின்னு கட்டினது, 1816-ல பிரதிஷ்டை. 1947 செப்டம்பர் 27 சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை, தொடங்கினதும் அங்கதான், இப்போ அதுவும் கர்க்கும் ரெண்டுமே சிஎஸ்ஐ.

கே: சாதாரண பேரிஷ் சர்ச்சுன்னு போட்டிருந்தீங்க, ஆனா ராஜகுடும்பத்துக்குத் தனி சீட் இருக்காமே? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

ப: ரெண்டும் உண்மை. பேரிஷ் சர்ச்சுன்னா ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள்ள குடியிருக்கிற எல்லாருக்கும் பொதுவான சர்ச், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் அங்க. பிஷப்போட நாற்காலி இருக்கிறது கதீட்ரல், இது அது கிடையாது. இந்த பேரிஷ் எல்லைக்குள்ள யார் யார் வீடு வருதுன்னு பாத்தா பக்கிங்ஹாம் அரண்மனையும் வருது, 10 டவுனிங் ஸ்ட்ரீட்டும் வருது, அதுக்கு என்ன பண்றது! அதனால மேல பால்கனியில பீடத்துக்கு ஒரு பக்கம் ராஜகுடும்பத்துக்கு ஒரு பாக்ஸ், எதிர்ப்பக்கம் கடற்படைத் தலைமைக்கு ஒரு பாக்ஸ். தியேட்டர் பாக்ஸ் மாதிரியேதான் இருக்கும்.

கே: அங்க அடிக்கடி கச்சேரி நடக்குதே, கட்டும்போதே அதுக்காகத்தான் கட்டினாங்களா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

ப: கச்சேரிக்காக இல்ல, பிரசங்கத்துக்காக. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலிகன் சர்ச்ல முக்கியமான வேலை பேசறதும் கேக்கறதும், மைக் கிடையாது, கீழ ஒரு கூட்டம், மேல பால்கனியில ஒரு கூட்டம், எல்லார் காதுலயும் விழணும். கிப்ஸ் அதுக்குன்னு உள்கூரையை அரைவட்டமா வளைக்காம தட்டையான வளைவா, நீள்வட்டமா வளைச்சார். அரைவட்டம்தான் பாக்க அழகு, ஆனா குரலுக்கு நீள்வட்டம்தான் நல்லதுன்னு அனுபவத்துல கண்டுக்கிட்டேன்னு தன் புத்தகத்துலயே சொல்லியிருக்கார். அழகை விட்டுக்கொடுத்தேன்னு ஒரு ஆர்க்கிடெக்ட் எழுதி வைக்கறது அபூர்வம்!

உள்ள போனா தூண்களைக் கொஞ்சம் கவனிங்க. ரெண்டு பக்கமும் கொரிந்தியன் தூண், ஒவ்வொண்ணும் ஆள் உயரத்துக்குக் கிட்ட ஒரு பீடத்து மேல ஏத்தி வச்சிருக்கு, அந்தக் காலத்து உயரமான பெட்டி பெஞ்சு தூணோட காலை மறைச்சுடக் கூடாதுன்னு. தூண் தலை மேல நேரா வளைவு உக்காராது, நடுவுல சின்னதா ஒரு சதுரக் கட்டை, வெளில தூண்களுக்கு மேல நீளமா ஓடுதே அந்தப் பட்டையிலேர்ந்து ஒரு துண்டு வெட்டி வச்ச மாதிரி, அதுலேர்ந்துதான் கூரையோட வளைவு கிளம்புது. கூரை முழுக்க சுதை வேலை, மேகம், குழந்தை முகம், சங்கு, கொடின்னு, ஆர்ட்டாரி, பகுட்டின்னு ரெண்டு பேர் பண்ணது, ரெண்டு பேரும் இத்தாலி பக்கத்துக் கைவினைக்காரங்க. வெளில பாத்தா கண்டிப்பான ரோமன், உள்ள பாத்தா கொஞ்சம் கல்யாண மண்டபக் களை.

அகாடமி ஆஃப் செயின்ட் மார்ட்டின் இன் த ஃபீல்ட்ஸ்ங்கிற பேர் கிளாசிக்கல் இசைத்தட்டு அட்டையில பாத்திருப்பீங்க, நெவில் மாரினர் தொடங்கின இசைக்குழு, முதல் கச்சேரி 1959-ல இந்த சர்ச்லதான் பண்ணாங்க.

கே: கீழ கல்லறை மேலயே டேபிள் போட்டு காபி குடிக்கிறாங்களாம், நிஜமா? (ஒரு வாசகர், ஈரோடு)

ப: நிஜம். கீழ்த்தளத்துல செங்கல் வளைவுகளுக்கு அடியில கஃபே, தரையில பதிச்சிருக்கிற கல்லுல பேரு, வருஷம் எல்லாம் இருக்கும், அது மேலதான் நாற்காலி. நமக்குச் சங்கடமாதான் இருக்கும், ஆனா அங்க சாப்பிடற காசு சர்ச்சோட செலவுக்குப் போகுது. அந்த சர்ச்சுக்குச் செலவும் நிறைய. 1914-ல டிக் ஷெப்பர்டுன்னு ஒரு விகார் (பேரிஷ் பாதிரியார்) வந்தார், முதல் உலகப்போர் நடந்துக்கிட்டிருந்தப்போ பிரான்ஸுக்குப் போற வர்ற சிப்பாய்ங்க ராத்திரி தங்க இடமில்லாம கிடந்தாங்க, அவங்களுக்கு சர்ச்சைத் திறந்து விட்டார். அங்கேர்ந்து ஆரம்பிச்சதுதான் வீடில்லாதவங்களுக்கான வேலை, இன்னிக்கும் நடக்குது. ரேடியோவுல பிபிசி முதல்முறையா ஒரு சர்ச்லேர்ந்து ஆராதனையை ஒலிபரப்பினதும் இங்கேர்ந்துதான், 1924 ஜனவரி.

2006-ல புதுப்பிக்கத் தோண்டினப்போ ரோமர் காலத்துக் கல் சவப்பெட்டி ஒண்ணு கிடைச்சுது, உள்ள எலும்புக்கூடு, தலை இல்ல. கிட்டத்தட்ட கி.பி. 410. இங்கிலாந்துல ரோமர் ஆட்சி முடியற நேரம், லண்டன் மதில் சுவருக்கு ரொம்ப வெளில வெறும் வயல்னு நினைச்ச இடம்.

கே: பீடத்துக்குப் பின்னாடி ஜன்னல் என்ன இப்படி கோணிக்கிட்டு இருக்கு? குண்டு விழுந்து வளைஞ்சதா? (ஒரு வாசகி, மதுரை)

ப: இல்லம்மா, அப்படித்தான் வரைஞ்சது! போர்ல பழைய கண்ணாடி போயிடுச்சு, அது உண்மை. இப்போ இருக்கிறது 2008-ல வச்சது, ஷிராசே ஹூஷியாரின்னு ஈரான்ல பொறந்த ஓவியரும் பிப் ஹார்ன்ங்கிற ஆர்க்கிடெக்ட்டும் சேர்ந்து பண்ணது. கலர் கிடையாது, சாமி உருவம் கிடையாது, கம்பிக் கட்டம் நடுவுல ஒரு நீள்வட்டத்தைச் சுத்தி வளையுது, தண்ணிக்குள்ள பாக்கற மாதிரி, அந்த வளைவுலயே சிலுவை வந்துடுது. பழைய கட்டடத்துல புதுசு வைக்கறேன்னு கெடுத்த இடம் எத்தனையோ பாத்தாச்சு, இது அந்த லிஸ்ட்ல வராது. முக்கியமா ஜன்னலோட சட்டத்தை மாத்தல, நடுவுல பெரிய வளைவு, ரெண்டு பக்கமும் நீளமா ரெண்டுன்னு கிப்ஸ் போட்ட வெனிஷியன் ஜன்னல் அப்படியே இருக்கு.

கே: லண்டன் ஈஸ்ட்ஹாம்ல இருக்கேன், அந்தப் பக்கம் போறப்பல்லாம் பஸ்லேர்ந்து பாக்கறதோட சரி. போனா என்ன பாக்கணும், எங்க நிக்கணும்? (ஒரு வாசகி, லண்டன்)

ப: முதல்ல நேஷனல் கேலரி வாசல் படிக்கட்டுப் பக்கம் போய் நின்னு பாருங்க, எல்லாரும் போட்டோ எடுக்கறது அங்கேர்ந்துதான். ஆனா ஒண்ணு, கிப்ஸ் கட்டினப்போ இந்தக் காட்சியே கிடையாது. அப்போ எதிர்ல சதுக்கம் இல்ல, அரண்மனைக் குதிரைலாயமும் வீடுகளும் நெருக்கியடிச்சு நின்னுது, 1820-கள்ல தொடங்கி எல்லாத்தையும் இடிச்சு 1840-கள்ல சதுக்கம் வந்தப்புறம்தான் முழு முகப்பையும் தள்ளி நின்னு பாக்க முடிஞ்சுது. கிட்டக்க நின்னு அண்ணாந்து பாக்கறதுக்குன்னு வரைஞ்சதை நாமெல்லாம் தூரத்துலேர்ந்து பாத்துத் தீர்ப்பு சொல்றோம்.

அதனால அப்புறம் சர்ச்சோட பக்கவாட்டுக்குப் போங்க, யாரும் அங்க நிக்க மாட்டாங்க. முகப்புல இருக்கிற பெரிய தூணோட கணக்கு அங்க நின்னுடல, சுவரோட ஒட்டின தட்டைத் தூணா கட்டடத்தைச் சுத்தி ஓடுது. அதுக்கு நடுவுல ஜன்னல் பாருங்க, சட்டத்துல ஒரு கல் வெளில துருத்திக்கிட்டு, அடுத்தது உள்ள, மறுபடி ஒண்ணு வெளில, அப்படி மேல வரைக்கும் போய் உச்சியில நடுவுல பூட்டி நிக்கிற பெரிய சாவிக்கல்லோட முடியும். இத்தாலியில ஏற்கனவே இருந்த வழக்கம்தான், ஆனா இவர் இதை அவ்வளவு ஆசையா போட்டதால இதுக்கு கிப்ஸ் சட்டம்னே பேர் நின்னுடுச்சு, உங்க லண்டன்ல பழைய பேங்க், வக்கீல் ஆபீஸ் வாசல்ல எல்லாம் இதைப் பாக்கலாம். மதியம் சில நாள் கச்சேரி இருக்கும், போறதுக்கு முன்னாடி பாத்துக்குங்க.

கே: நாங்க ஆஸ்திரேலியா பெர்த்ல இருக்கோம். இங்க ஸ்வான் பெல்ஸ்னு ஒரு மணிக்கூண்டு இருக்கு, அந்த மணியெல்லாம் இந்த சர்ச்சோடதுன்னு பையன் ஸ்கூல்ல சொன்னாங்களாம், சரியா? (ஒரு வாசகர், பெர்த்)

ப: ஸ்கூல்ல சரியாத்தான் சொல்லியிருக்காங்க. 18-ஆம் நூற்றாண்டுல, 1725 தொடங்கி, வார்த்த 12 மணி செயின்ட் மார்ட்டின் டவர்ல இருந்தது. ஆஸ்திரேலியாவோட 200-வது வருஷக் கொண்டாட்டத்துக்கு 1988-ல அதை மேற்கு ஆஸ்திரேலியாவுக்குக் கொடுத்துட்டு லண்டன்ல புதுசா 12 மணி மாட்டிக்கிட்டாங்க. உங்க ஊர்ல அதோட இன்னும் ஆறு சேர்த்து 18 ஆக்கி, நதிக்கரையில கண்ணாடியும் செம்புமா ஒரு கூண்டு கட்டி 2000 டிசம்பர்ல திறந்தாங்க. அங்க டவருக்கு முன்னாடி தூணும் இல்ல முக்கோணமும் இல்ல, எது மேல எது நிக்குதுன்னு யாரும் சண்டைக்கு வரவும் இல்ல. பையனைக் கூட்டிட்டு அடிக்கிற நேரம் பாத்துப் போங்க, கயிறு இழுக்கறவங்களைக் கண்ணாடி வழியா பக்கத்துலேர்ந்தே பாக்கலாம், லண்டன்ல அந்த வசதி கிடையாது.